கரையில் நின்றவன்

மாலையில் வேலை முடிந்து வீட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு அவள் உள்ளே வந்தபோது, எப்போதும் வருகிற அந்தக் கேள்வி வரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அது வந்துகொண்டுதான் இருந்தது, உள்ளறையிலிருந்தோ சமையலறையிலிருந்தோ, சில நாள் குளியலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து வாய் நிறையப் பற்பசை நுரையோடுகூட, "வந்துட்டியா?" என்று கணவனின் குரல் கேட்கும், அவளும் செருப்பைக் கழற்றிக்கொண்டே "வந்துட்டேன்" என்பாள். உலகத்தில் இதைவிட அர்த்தமில்லாத பேச்சு கிடையாது. கண்ணெதிரே வந்து நிற்கிறவளைப் பார்த்து வந்துவிட்டாயா என்று கேட்பதும், நின்றுகொண்டே வந்துவிட்டேன் என்று சொல்வதும் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். அன்றைக்கு அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, வாயில் தயாராக வைத்திருந்த பதிலோடு சற்று நேரம் அப்படியே நின்றாள். உள்ளே நாற்காலி நகர்ந்தது. பிறகு அவன் குரல் வந்தது, "டீ போட்டு வச்சிருக்கேன், ஆறிடப்போகுது."

மறுநாளும் டீதான். அதற்கடுத்த நாள், கதவைச் சாத்து, கொசு வருகிறது என்றான். இன்னொரு நாள் ஒன்றுமே சொல்லாமல், அவள் வந்தது தெரிந்தும், தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டினான். அவள் விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டாள். "என்ன சார், இப்பல்லாம் விசாரிப்பே இல்ல?" என்று அவன் காதைத் திருகினாள். வயசாகுதில்ல என்று அவன் சிரித்தான். சிரிக்கும்போது அவளைப் பார்க்கவில்லை, அவளுக்குப் பின்னால் இருந்த வாசலைப் பார்த்தான்.

அருவிக்குப் போய்வந்த பிறகுதான் இது என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை. இருவரும் சேர்ந்து நடத்திய சின்ன அலுவலகம் அது. ஆள் போகாத இடங்களுக்கு ஆட்களை வரவழைப்பதற்குத் திட்டம் போட்டுக் கொடுப்பார்கள். எழுதுவது அவள், நாலு பேரைப் பார்த்துப் பேசிக் காரியத்தை முடிப்பது அவன். கடைசியாகக் கையில் இருந்தது அந்த அருவி. மலையின் இடுப்பிலிருந்து ஒரே வீச்சில் விழுகிற தண்ணீர், அதற்குப் பின்னால் குகை, குகைக்குள் அம்மன். இப்படி ஓர் இடம் வேறெங்காவது இருந்திருந்தால் இந்நேரம் பேருந்து நிறுத்த இடமில்லாமல் போயிருக்கும். இங்கே எப்போதாவது நாலு பேர் வந்தால் பெரிது. காரணம் பனிமூட்டம். படம் எடுக்கப் போனவர்களுக்கு வெள்ளையைத் தவிர வேறொன்றும் கிடைத்ததில்லை. பாதை போட நட்ட குச்சிகள் விடிந்து பார்த்தால் சாய்ந்து கிடக்கும். பெரிய பெரிய நிறுவனங்கள் கும்பிடு போட்டுவிட்டு ஓடிய வேலை. "யாரும் தொடாத வளம்" என்று அறிக்கையின் முதல் வரியில் அவளே எழுதியிருந்தாள். ஏற்கெனவே இரண்டு திட்டங்கள் கைநழுவிப் போயிருந்தன. இதுவும் போனால் கடையைக் கட்ட வேண்டியதுதான் என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் சொன்ன விதத்தில் வேடிக்கை இல்லை.

அங்கே ஒரு நடைமுறை உண்டு. பூசாரி, காற்றடித்தால் பறந்துவிடுவார் போன்ற ஒடிசலான மனிதர், அதைக் கரையில் வைத்து அவர்களுக்குச் சொன்னார். தனியாக வருகிறவரைக் குகைக்குள் விடுவதில்லை. கூட ஓர் ஆள் வேண்டும், அந்த ஆள் கரையிலேயே நிற்க வேண்டும். உள்ளே போனவர் கும்பிட்டுவிட்டு வெளியே வந்து ஈரத்தோடு நிற்கும்போது, கரையில் நிற்பவர் வந்துட்டியா என்று கேட்க வேண்டும், வந்தவர் வந்துட்டேன் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். கேட்காவிட்டால் வந்தது வந்ததாகாது. அவளுக்கு அது மிகவும் பிடித்துப்போனது. வீட்டு வாசலில் நடப்பதையே இவர்கள் மலைமேல் வைத்து நடத்துகிறார்களே என்று சிரித்தாள். கணவன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டான்.

தண்ணீருக்குப் பின்னால் நுழைந்ததும் சத்தம் அவளை நாலாபுறமும் சூழ்ந்துகொண்டது. காதுக்குள் மட்டுமல்ல, பல்லுக்குள், நெஞ்செலும்புக்குள் எல்லாம் அது இறங்கி அதிர்ந்தது. பாசி வாசனையும் பழைய கற்பூர வாசனையும் கலந்து மூக்கில் ஏறின. சிலை என்று பெரிதாக ஒன்றுமில்லை, ஆள் உயரக் கல் ஒன்று இருட்டில் நின்றது. கும்பிட்டுவிட்டு வெளியே வந்தபோது அவன் கரையில் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தான். மேலே பனிமூட்டம் யாரோ திரையை இழுத்ததுபோல் விலகிக்கொண்டிருந்தது. முழு அருவியும் வெயிலில் பளீரென்று நின்றது. பாரு பாரு என்று அவன் கத்த, அவள் ஓடிப்போய்க் காமிராவை எடுத்துக் கொடுக்க, அந்தக் குதூகலத்தில் கேட்க வேண்டியதை அவன் கேட்கவில்லை, அவளும் நினைவுபடுத்தவில்லை. பூசாரி மட்டும் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். வருகிற வழியெல்லாம் காரில் பாட்டும் கும்மாளமும்தான்.

அலுவலகத்தில் முதலில் கத்த ஆரம்பித்தவர் வரைபடக்காரர். அருவிக்கரையில் வரப்போகிற பார்வை மேடையை வரைந்துகொண்டிருந்தவர், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே, படிக்கட்டை எந்தப் பக்கம் வைப்பது என்று கழுத்து நரம்பு புடைக்கக் கேட்டார். அவள் பதில் சொன்னதும் காதருகே கையைக் குவித்துக் குனிந்தார். கேட்கவில்லை, கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள் என்று மறுபடியும் கத்தினார். மனிதருக்குக் காது போய்விட்டது பாவம் என்று நினைத்தாள். ஆனால் மறுநிமிடம் அவர் தொலைபேசியில் மனைவியிடம் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார். வீட்டில் நாத்தனாரும் அப்படித்தான். மகள் சிட்டுவைப் பள்ளியிலிருந்து கூட்டிவந்து மாலைவரை பார்த்துக்கொள்கிறவள் அவள். அடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு அந்தப் பக்கம் நிற்கிற அண்ணியை ஊருக்கே கேட்கும்படி கூப்பிட்டு உப்பு எங்கே என்று கேட்டாள். கத்துகிறோம் என்பது இவர்கள் யாருக்குமே தெரியவில்லை. சிட்டு சாப்பாட்டு மேசைக்கு எதிரே உட்கார்ந்து, இரண்டு கையையும் வாயருகே குவித்து, அம்மா தண்ணி வேணும் என்றாள். இப்படிப் பேசுகிறவர்களை எங்கேயோ பார்த்திருக்கிறோம் என்று அவள் யோசித்தாள். தண்ணீரை ஊற்றும்போது நினைவு வந்தது. அருவிக்கரையில் நிற்கிறவர்கள் இப்படித்தான் பேசிக்கொள்வார்கள்.

குழந்தை அத்தையிடம் சொல்லிக்கொண்டிருந்ததை அன்று அறைக்கு வெளியே நின்று கேட்டாள். "அம்மா பக்கத்துல போனா காதுல தண்ணி சத்தமா இருக்கு அத்தை." அத்தை அவளை அதட்டவில்லை. ஆமாம் எனக்கும்தான் என்று மெதுவாகச் சொன்னாள்.

அதற்குப் பிறகு அவள் தன்னையே கவனிக்க ஆரம்பித்தாள். தலை காயவே இல்லை. எத்தனை துவட்டினாலும் விசிறிக்கடியில் உட்கார்ந்தாலும் பின்னலின் அடியில் ஒரு சொட்டுத் திரண்டு, தொங்கி, விழுந்தது. காலையில் தலையணையைப் பிழிந்தால் தண்ணீர் வரும்போல் இருந்தது. அலுவலகத்தில் அவள் மேசையில் இருந்த தாள்களின் ஓரம் சுருண்டுகொண்டது, மற்ற மேசைகளில் அப்படி இல்லை. உடம்பிலிருந்து பாசி வாசனை வந்தது; சோப்பு, பவுடர், வாசனைத் தைலம் எதற்கும் அது மசியவில்லை. எல்லாவற்றையும்விடத் தொண்டைதான் அவளைக் கலங்கடித்தது. நாள் முழுவதும் வாயே திறக்காமல் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தாலும், மத்தியானத்துக்கு மேல் யாரோ அவளைக் கத்தவைத்ததுபோல் தொண்டை கட்டிப்போனது.

அவன் ஒருமுறை வந்துட்டியா என்று கேட்டுவிட்டால் போதும் என்று ஏனோ அவளுக்குத் தோன்ற ஆரம்பித்தது. பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்தும் விடமுடியவில்லை. தெருமுனையிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டு, இதோ வாசலுக்கு வந்தாச்சு என்றாள். சரி, திறந்துதான் இருக்கு என்றான். அழைப்புமணியை அடித்துவிட்டுக் கதவு திறந்ததும் ஒன்றும் பேசாமல் அவன் முகத்தையே பார்த்தபடி நின்றாள். சாவி இருக்கில்ல என்றான். ஒருநாள் வேண்டுமென்றே நெடுநேரம் கழித்து, மழையில் தொப்பலாக நனைந்து வந்தாள். எந்தக் கணவனும் கேட்டுவிடுகிற நேரம் அது. அவன் துண்டை எடுத்துக் கொடுத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

பிறகு ஒரு மத்தியானம், சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்தாள். அவன் கதவுக்கு முதுகைக் காட்டி, காலை நீட்டி, ஏதோ படித்துக்கொண்டிருந்தான். காலடிச் சத்தம் கேட்டதும் பழக்கதோஷத்தில் வாய் தானாகத் திறந்தது. "வந்து..." என்றான். அங்கேயே உதட்டைக் கடித்துக்கொண்டான். கடித்த இடத்தில் ரத்தம் முத்தாகக் கட்டியது. அந்த ரத்தத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்தது. மறந்துபோனவன் இப்படிக் கடித்துக்கொள்ள மாட்டான். இத்தனை நாளும் இவன் மறக்கவில்லை. காவல் காத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

அதே வாரத்தில் வரைபடக்காரர் வேலை நடக்கிற இடத்துக்குப் போய்வந்து ஒரே பரபரப்பாக இருந்தார். மேடை கட்டியாகிவிட்டது, பனிமூட்டம் இருந்த இடம் தெரியவில்லை, படங்கள் கண்ணைப் பறிக்கின்றன என்று கத்தினார். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது என்றார். சாப்பாட்டு நேரத்தில் வேலையாட்கள் விளையாட்டாக அருவியைப் பார்த்து வந்துட்டியா என்று கூவுகிறார்களாம். உள்ளேயிருந்து வந்துட்டேன் என்று பதில் வருகிறதாம். "பொம்பள குரல் மேடம், அவ்வளவு தெளிவா இருக்கு. சார் அதையே பேரா வச்சுட்டார். பதில் சொல்லும் அருவி." சுவரொட்டியை விரித்துக் காட்டினார். அவள் கையைத் தொண்டையில் வைத்தபடி அதைப் பார்த்தாள். வெந்நீர் குடித்தும் அடங்காத எரிச்சல் இன்னும் இருந்தது. சாப்பாட்டு நேரம் அப்போதுதான் முடிந்திருந்தது.

வாடகைக் காரை எடுத்துக்கொண்டு அவள் தனியாகப் போனாள். ஓட்டுநர் வண்டியில் ஏதோ இரைச்சல் கேட்கிறதென்று இரண்டு முறை நிறுத்தி இறங்கிப் பார்த்தார். மலைப்பாதையில் புதுக் கைப்பிடிக் கம்பிகள் பளபளத்தன. பூசாரி கரையில் உட்கார்ந்து விளக்குகளைத் துலக்கிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமல், சாதாரணக் குரலில், "நீங்க எதுக்கும்மா இவ்வளவு தூரம் வந்தீங்க? இங்கதானே இருக்கீங்க" என்றார். காலமெல்லாம் அருவிப் பக்கத்திலேயே இருந்து பழகிய காது அவருடையது. கத்தாமல் அவளிடம் ஒருவர் பேசி எத்தனை நாளாகிவிட்டது. சொன்னது என்னவென்று மனதில் உறைப்பதற்கு முன்பே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கணவன் அதற்கு முன்பே ஒருமுறை தனியாக வந்திருக்கிறான். இந்த இடம் ஏன் யாருக்கும் படியமாட்டேன் என்கிறது என்று விசாரித்திருக்கிறான். "அம்மன் ஒரு ஆளை எடுத்துக்கிட்டா வழி விடுவாம்மா. கூட்டிட்டு வந்த ஆளை யாரு விட்டுட்டுப் போவாங்க? அதான் இது இப்படியே கெடக்குதுன்னு சொன்னேன். கேட்டுக்கிட்டாரு. அப்புறம்தான் உங்களைக் கூட்டிட்டு வந்தாரு."

"அன்னிக்கே என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"கேக்காம போவாருன்னு நான் நெனைக்கலம்மா. பொண்டாட்டியாச்சேன்னு இருந்துட்டேன்."

வேறு யாராவது கேட்டால் போதாதா என்றாள். கரையில் நின்றவர் கேட்டால்தான் செல்லும் என்றார். இங்கே ஆள் நடமாட்டம் கூடக் கூட அங்கே அவள் குறைந்துகொண்டே வருவாள், முழுக்கக் குறைந்த பிறகு கேட்டும் பயனில்லை, அதற்குள் கேட்கச் சொல்லுங்கள் என்றார். விளக்கை எடுத்துக்கொண்டு எழுந்தவர், அவள் இருந்த பக்கம் ஒருமுறை கும்பிட்டார். அந்தக் கும்பிடு அவளை மிகவும் பயமுறுத்தியது.

வீட்டுக்கு வந்ததும் அவள் அவனைப் படுக்கையறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். நான் பேசுவது உங்களுக்குக் கேட்கிறதா என்று சன்னமான குரலில் கேட்டாள். கேட்கிறது என்றான். எல்லாரும் கத்துகிற வீட்டில் இவன் ஒருவன்தான் ஒருநாளும் கத்தவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இத்தனை நாளும் அவள் முனகியது, இருமியது, இரவில் தலையணையில் முகம் புதைத்து அழுதது எல்லாம் இவனுக்கு நன்றாகக் கேட்டிருக்கிறது.

"ஒரு வார்த்தை. கேட்டுடுங்க."

அவன் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். "கேட்டா மறுபடியும் பனி மூடிக்கும்" என்றான்.

"அப்ப நான்?"

"உனக்கு இப்ப என்ன கொறஞ்சுபோச்சு? வீட்லதான் இருக்க. சாப்பிடற, தூங்கற. கொஞ்சம் ஈரமா இருக்கு, அவ்வளவுதானே."

அவளுக்குக் கோபம் வரவில்லை. அவன் முகம் தெரியாத எவனோ ஒருவனாக இருந்திருந்தால் கோபம் வந்திருக்கும். அவனுக்குக் காய்ச்சல் வந்தால் இவள் கண்விழித்திருக்கிறாள். அவன் தோற்றுப்போன ஒவ்வொரு தடவையும் நாலு பேர் முன்னால் அது தன் தப்பு என்று பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டிருக்கிறாள். அன்றைக்குத் தண்ணீருக்குள் நுழையும்போதுகூட அவன் கரையில் நிற்கிறான் என்ற ஒரே தைரியத்தில்தான் திரும்பிப் பார்க்காமல் போனாள். அவ்வளவையும் அவன் அளந்து பார்த்து, தேவலை, விட்டுவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறான். நெஞ்சு வலித்தது, நிஜமாகவே, கை வைத்து அழுத்திக்கொள்ளும்படி வலித்தது. அவள் அவன் காலைப் பிடித்துக்கொண்டாள். அவன் பாதம் நனைவதைப் பார்த்துக் காலை இழுத்துக்கொண்டான். திறப்பு விழா முடியட்டும், அங்கே வைத்தே கேட்டுவிடுகிறேன், அதற்குப் பிறகு மூடினாலும் பரவாயில்லை, சிட்டுமேல் சத்தியம் என்றான். நம்புவதைத் தவிர அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை.

அவள் குறைய ஆரம்பித்தாள். அலுவலகத்தில் அவள் நாற்காலியை யாரோ சுவரோரம் நகர்த்திவிட்டார்கள், ஈரம் பட்டு வீணாகிறதென்று. நாத்தனார் கத்துவதை நிறுத்திவிட்டாள், ஏனென்றால் அண்ணியைக் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டாள். அவள் சிட்டுவுக்குத் தலைவாரிப் பின்னல் போட ஆரம்பித்தாள். குழந்தை பாதியில் எழுந்துபோய், அத்தை எனக்குத் தலை பின்னிவிடு, ஒரே சிக்கா இருக்கு என்றது. அம்மா எங்கே என்று அது கேட்டபோது அவள் அதன் முதுகுக்குப் பின்னால்தான் சீப்போடு நின்றுகொண்டிருந்தாள். அம்மா வேலையா வெளியூர் போயிருக்கா என்று அவன் சொன்னான். நின்றுகொண்டிருந்தவளை நேராகப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

திறப்பு விழாவுக்குக் காரில் கிளம்பினார்கள். பின் இருக்கையில் நாத்தனாருக்கும் சிட்டுவுக்கும் நடுவில் அவள் ஒடுங்கி உட்கார்ந்தாள். சிட்டு தன் புதுப் பையை அவள் மடியில் வைத்தது. சீட்டுக்குள் போய்விட்டதுபோல் அது அவளுக்குள் கொஞ்சம் அமிழ்ந்தது. யார் இங்கே தண்ணியைக் கொட்டினது, பையெல்லாம் நனையுது என்று நாத்தனார் முணுமுணுத்துக்கொண்டு பையை எடுத்துவிட்டாள். வண்டி ஓட்டிய அவன் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் ஒருமுறைகூடப் பின்னால் பார்க்கவில்லை. போகட்டும். இன்றைக்குக் கேட்டுவிடுவான். இன்றைக்கு மட்டும்தான்.

கூட்டம் என்றால் கூட்டம். தோரணம், ஒலிபெருக்கி, குடை, பலூன், தலைகள். மேடையின் நடுவில் பெரிய பலகை ஒன்று வைத்திருந்தார்கள். அதில் கொட்டை எழுத்தில், வந்துட்டியா, என்று மட்டும் எழுதியிருந்தது. மைக்கைப் பிடித்துக்கொண்டு அவன் கூட்டத்திடம், பலகையில் இருப்பதை எல்லாரும் சேர்ந்து அருவியைப் பார்த்துக் கேளுங்கள் என்றான். அந்த வார்த்தையை அவன் சொல்லவில்லை. விரலால் காட்டினான். சொல்லிவிடாமல் இருக்கத்தான் பலகையே வைத்திருக்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது.

படியேறிப் போய் அவன் முன்னால் நின்றாள்.

"சத்தியம் பண்ணீங்க" என்றாள்.

அவன் கண் அவள்மேல் பட்டது. பட்டு நின்றது. அவனுக்குத் தெரிகிறது. இன்னும் தெரிகிறது. அவன் உதடு அசைந்தது, அவள் உயிரே அந்த உதட்டில் இருந்தது. பிறகு அவன் மெல்லத் திரும்பி, அருவிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டான்.

கூட்டம் ஒரே குரலில் கேட்டது.

காலடியில் மரப்பலகை இல்லை. பாறை. குளிர்ந்த பாறை. சத்தம் பல்லுக்குள் இறங்கியது. பாசி. கற்பூரம். அவளுக்கு முன்னால் தண்ணீர் சுவராக விழுந்துகொண்டிருந்தது, அதற்கு அப்பால் நிறங்கள் கலங்கலாக அசைந்தன. குடைகள். பலூன்கள். அவனுடைய முதுகு.

"வந்துட்டேன்" என்று தொண்டை கிழிய அலறினாள்.

வெளியே கைதட்டினார்கள்.

மறுபடியும் கேட்டார்கள். மறுபடியும் அலறினாள். இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வெளியே பாய்ந்தாள். கை வெளியே போகவில்லை, தண்ணீர் கல்லாக நின்று தள்ளியது. அவன் முதுகு அசையவில்லை. அவன் ஒருவன் கேட்டால் போதும். அவன் மட்டும்.

அப்போது கூட்டத்தின் சத்தம் அடங்கிய இடைவெளியில், மெல்லிசாக, தனியாக ஒரு குரல் கேட்டது.

"அம்மா?"

மஞ்சள் நிறப் புள்ளி ஒன்று. சிட்டுவின் புதுச் சட்டை. கம்பி ஓரத்தில் நின்றது.

"அம்மா, வந்துட்டியா?"

பதில் வாய்வரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள். மஞ்சள் புள்ளி குனிந்தது. கம்பிக்கு அடியில் நுழைந்தது. கரையில் இறங்கியது. நாத்தனார் எங்கே? பூசாரி எங்கே? யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் மைக்கில் பேசுகிறவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் யாருக்கோ நன்றி சொல்லிக்கொண்டிருந்தான்.

பேசக்கூடாது. குரல் கேட்டால் வந்துவிடுவாள். குரல் கேட்காவிட்டால் திரும்பிப் போய்விடுவாள். அவள் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பல்லைக் கடித்தாள். மூச்சைக்கூட விடவில்லை.

"வந்துட்டேன்" என்றது அவளுடைய குரல்.

அவளுக்குப் பின்னால். இருட்டில். கல் நின்ற இடத்திலிருந்து.

"இங்கதான் இருக்கேன் கண்ணு. வா."

அவள் தலையை ஆட்டினாள். வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டினாள். பாறையில் சின்னக் கால்கள் வழுக்கின. சமாளித்தன. நடந்தன. கரையில் யாருமே நிற்கவில்லை.

தண்ணீர் ஓரிடத்தில் பிளந்தது. அதன் வழியாக ஒரு சின்னக் கை உள்ளே வந்து, விரல்களை விரித்து, அம்மாவைத் தேடித் துழாவியது. அவளுடைய கைகள் இரண்டும் அவள் வாயின்மேல்தான் இருந்தன. அவள் தோளை ஈரமாக உரசிக்கொண்டு, பின்னாலிருந்து இன்னொரு கை அந்த விரல்களைப் பிடிக்க நீண்டது.